ஒரு நாள் காலாற நடக்க: மதுரையா, கும்பகோணமா, காஞ்சியா?

பழைய ஊர் ஒன்றை நடந்தே பார்க்க வேண்டும், கையில் இருப்பது ஒரே ஒரு நாள். எங்கே போகலாம் என்று கேட்டால் தமிழ்நாட்டில் பெரும்பாலும் இந்த மூன்று பெயர்கள்தான் வரும். மூன்றும் பெரிய ஊர்கள், மூன்றுக்கும் நீண்ட வரலாறு உண்டு. ஆனால் காரிலோ ஆட்டோவிலோ இறங்கி ஏறிப் பார்ப்பதற்கும் நடந்து பார்ப்பதற்கும் வேறுபாடு பெரியது. அதை யோசிக்காமல் கோயில்களின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்தால், பாதி நாள் சாலையோரத்தில் லாரிப் புகைக்கு நடுவே போய்விடும்.

நான் முதலில் இரண்டு கேள்விகள் கேட்பேன். ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது? மதியம் பன்னிரண்டரையில் இருந்து நான்கு மணி வரை என்ன செய்யப் போகிறீர்கள்? இரண்டாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நம் ஊர்க் கோயில்கள் உச்சிக்கால பூஜை முடிந்ததும் நடை சாத்திவிடும். மாலைதான் மறுபடி திறப்பார்கள். அந்த மூன்றரை மணி நேரத்தைத் தாங்கக்கூடிய ஊர்தான் நடப்பதற்கு ஏற்ற ஊர்.

தஞ்சாவூரை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். பெரிய கோயிலும் அரண்மனையும் சரஸ்வதி மகால் நூலகமும் ஒரு நாளைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அங்கே மனம் முழுவதும் பெரிய கோயிலிலேயே நின்றுவிடுகிறது, நிற்கவும் வேண்டும். 1010இல் முடிந்த அந்த விமானத்துக்காகவே ஒரு நாளை ஒதுக்குங்கள். அது வேறு வகைப் பயணம்.

சரி, காஞ்சியில் இருந்து தொடங்குகிறேன். சென்னையில் இருப்பவர்களுக்கு இதுதான் முதலில் தோன்றும். எழுபத்தைந்து கிலோமீட்டர், காலையில் பஸ் ஏறினால் இரவு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். பார்க்க வேண்டியவை எவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: கைலாசநாதர் கோயிலும் வைகுண்டப் பெருமாள் கோயிலும். மற்றவை அடுத்த முறைக்கு இருக்கட்டும் என்று சொல்லும் அளவுக்கு இந்த இரண்டும் என்னை இழுக்கின்றன.

கைலாசநாதர் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் கட்டியது. மணற்கல் கோயில். சுற்றுமதிலை ஒட்டி வரிசையாக ஐம்பத்தெட்டுச் சிறு சன்னதிகள். ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்த்தால் சிலவற்றில் பழைய வண்ண ஓவியத்தின் திட்டுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். ஒரு தூணில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இந்தக் கோயிலின் செல்வத்தைக் கொண்டுபோகாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததைச் சொல்வது அது. அவன் காலத்தில் பட்டடக்கல்லில் எழுந்த விருபாட்சர் கோயிலில் இந்தக் காஞ்சிக் கோயிலின் சாயலைக் காண்கிறோம். வென்றவன் தோற்றவனின் கோயிலைப் பார்த்து வியந்து நின்ற இடத்தில் நாமும் நிற்கிறோம் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பு.

வைகுண்டப் பெருமாள் கோயிலை நந்திவர்மப் பல்லவமல்லன் எழுப்பினான். நின்ற, இருந்த, கிடந்த கோலங்கள் மூன்று தளங்களில். சுற்றுத் திருநடையில் சிங்கத் தூண்களுக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பல்லவர்களின் வரலாறு புடைப்புச் சிற்பமாக ஓடுகிறது. அரசுக்கு வாரிசு இல்லாதபோது சிறுவனாக இருந்த பல்லவமல்லனைத் தேடி அழைத்து வந்து முடிசூட்டிய கதையும் அதில் வருகிறது. மணற்கல் தேய்ந்துகொண்டே இருப்பதால் முகங்கள் மங்கிவிட்டன. பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, நடப்பதற்குக் காஞ்சியைப் பரிந்துரைக்க மாட்டேன் என்று சொல்வது வருத்தமாகத்தான் இருக்கிறது. கைலாசநாதர் ஊரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. வரதராஜர் தென்கிழக்கே சின்னக் காஞ்சியில். நடுவில் உள்ள தூரம் நான்கைந்து கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி பஸ்ஸும் பட்டுக்கடைகளுக்கு வரும் கார்களும் நெருக்கும் சாலை. நிழலும் கிடையாது, நடைபாதையும் பேருக்குத்தான். மதியம் கோயில்கள் சாத்திய பிறகு கடைகளைத் தவிரப் போக்கிடம் குறைவு. பிள்ளையார்பாளையம் பக்கம் நெசவாளர் தெருக்களில் நடந்தால் சில வீடுகளில் இருந்து தறிச் சத்தம் கேட்கும். ஆனால் அது அவர்கள் வேலை செய்யும் வீடு, கூப்பிடாமல் எட்டிப் பார்ப்பது சரியில்லை. ஆகவே காஞ்சிக்குப் போனால் ஆட்டோவுக்குத் தனியாகக் காசு எடுத்து வையுங்கள். கைலாசநாதரில் காலை முழுக்க உட்காருங்கள், மாலை வைகுண்டப் பெருமாள். வழியில் ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரத்தையும் பார்த்துக்கொள்ளலாம். கிருஷ்ணதேவராயர் 1509இல் எழுப்பியது.

கும்பகோணம் இதற்கு நேர் எதிர். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே அடங்கிய ஊர். ரயிலடியில் இறங்கி நடக்கத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் மகாமகக் குளம். அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் பத்து, பதினைந்து நிமிடத்தில் அடுத்த கோயில் வந்துவிடும். வயதான அப்பா அம்மாவுடன் போகிறவர்களுக்கும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களுக்கும் இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியவில்லை. அலுத்துப்போனால் உட்கார ஏதாவது ஒரு மண்டபம் இருக்கும், இல்லாவிட்டால் காபிக் கடை இருக்கும்.

குளத்தைச் சுற்றிப் பதினாறு சிறு மண்டபங்கள். தஞ்சை நாயக்கர்களின் அமைச்சராக இருந்த கோவிந்த தீட்சிதர் கட்டியவை என்பார்கள். வடகரையில் காசி விசுவநாதர் கோயிலில் நதிகளே ஒன்பது கன்னியராக நிற்கிறார்கள். அங்கிருந்து நாகேஸ்வரன் கோயிலுக்குப் போங்கள். ஊரில் ஒரே ஒரு கோயிலைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் காட்டுவது இதைத்தான். முற்காலச் சோழர் பணி. கருவறைப் புறச்சுவரின் மாடங்களில் ஆண்களும் பெண்களுமாகச் சில உருவங்கள், ஏறக்குறைய ஆளுயரத்தில் நிற்கின்றன. அவர்கள் யார் என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அரசகுலத்தவரோ, அடியாரோ, யாராக இருந்தாலும் அந்த முகங்களில் உள்ள அமைதியைப் பார்க்க அவசரமில்லாத ஒரு காலைப்பொழுது வேண்டும். அடித்தளத்தில் குனிந்து பாருங்கள், உள்ளங்கை அளவில் ராமாயணக் காட்சிகள் இருக்கின்றன. குனியாமல் போகிறவர்களுக்கு அவை கண்ணில் படாது.

அடுத்து சாரங்கபாணி. கிழக்குக் கோபுரத்தில் நடனக் கரணங்கள், கருவறையே குதிரையும் யானையும் இழுக்கும் தேர். இந்தப் பெருமாள் மேல் நம்மாழ்வார் பாடிய ‘ஆராவமுதே’ என்று தொடங்கும் பத்துப் பாட்டை யாரோ பாடக் கேட்டுத்தான், மீதிப் பாட்டுகள் எங்கே என்று நாதமுனிகள் தேடப் புறப்பட்டார் என்பது வைணவ மரபு. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் முழுவதும் நமக்குக் கிடைத்தது அந்தத் தேடலில்தான். கோபுரத்துக்கு எதிரே நீளும் சன்னதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கிறது. ஈரோட்டில் 1887இல் பிறந்தவர், சிறுவயதின் பெரும்பகுதி கழிந்தது இங்கே. சிறிய ஓட்டு வீடு. தெருவைப் பார்த்த ஜன்னல், அதன் பக்கத்தில் கட்டில். கணித மேதையின் நினைவிடம் என்று பெரிய கட்டடத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சிறிய அளவுதான் முக்கியமாகப் படுகிறது. இந்த ஜன்னலுக்கும் அந்தக் கோபுரத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் காலால் அளந்தால்தான், எப்படிப்பட்ட தெருவில் இருந்து அவர் கேம்பிரிட்ஜுக்குப் போனார் என்பது மனதில் பதிகிறது.

மதியம்? இங்கேதான் கும்பகோணம் கொஞ்சம் தடுமாறுகிறது. ராமானுஜன் வீட்டை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பித்தளைப் பாத்திரக் கடைகளில் குத்துவிளக்குகளையும் தூக்குகளையும் பார்த்துக்கொண்டு நேரம் போக்கலாம். காலையில் இட்லிக்குக் கடப்பா ஊற்றிச் சாப்பிட்டிருந்தால் மதியச் சாப்பாடு தாமதமானாலும் பரவாயில்லை. ஆனால் வெயில் காலத்தில் இரண்டு மணிக்கு அந்த ஊரில் நடமாட்டமே இருக்காது. அறை எடுத்துத் தூங்குவதுதான் வழி. நான்கரைக்குப் பிறகு ராமசாமி கோயில். ரகுநாத நாயக்கர் காலத்தது, தூண்கள் ஒவ்வொன்றும் நின்று பார்க்க வேண்டியவை. திருச்சுற்றுச் சுவரில் ராமாயணம் மூன்று வரிசையாக ஓவியத்தில் இருக்கிறது. முழுக்கதையும் படிக்க மூன்று சுற்று வர வேண்டும், நடக்கத்தானே வந்தோம். அங்கிருந்து கடைத்தெரு வழியாக வடக்கே சக்கரபாணி கோயில், பிறகு காவிரிப் படித்துறை. ஆற்றில் தண்ணீர் வரும் மாதமாக இருந்தால் நல்லது. கோடையில் மணல்தான்.

தாராசுரத்தையும் இதே நாளில் சேர்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். மூன்று நான்கு கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டாம் ராஜராஜனின் அந்தக் கோயிலை அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு வருவது அநியாயம்.

இனி மதுரை. நடப்பதற்கு மட்டும் என்று கேட்டால் என் பதில் மதுரைதான். கூட்டமும் இரைச்சலும் அங்கே அதிகம், அது தெரிந்தேதான் சொல்கிறேன். மற்ற இரண்டு ஊர்களிலும் நாம் ஒரு கோயிலைப் பார்த்துவிட்டு இன்னொரு கோயிலுக்கு நடக்கிறோம். மதுரையில் நடக்கும் தெருவே பார்க்க வந்த பொருள். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக ஊர் விரிகிறது. அந்தந்த வீதிக்குத் திருவிழா மாதத்தின் பெயர். பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் இந்த அமைப்பு ஒழுங்கானது என்பார்கள். வரைபடம் இல்லாமலே நடக்கலாம். எந்த வீதியில் நிற்கிறோம் என்று தெரிந்தால் கோயிலில் இருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும்.

வெளி வீதிக்கு மட்டும் மாதப் பெயர் கிடையாது. காரணம், அது இருந்த இடம் கோட்டையின் அகழி. 1840களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், ஊர் நெருக்கத்தைக் குறைக்கக் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். இடித்துத் தூர்த்தவர்களுக்கே இடம் என்று அறிவித்ததால் வேலை நடந்தது. அந்தப் பணியோடு சம்பந்தப்பட்ட அளவையாளர் மாரட், பெருமாள் மேஸ்திரி இருவர் பெயரிலும் இன்றும் வீதிகள் இருக்கின்றன. கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் விளக்குத்தூண் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. ஜிகர்தண்டா குடிக்கக் கூடுகிறவர்களில் பலர் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பாருங்கள், ஊரின் எல்லை உடைந்து விரிந்த கதைக்கு அது சாட்சி.

அந்த விளக்குத்தூண் பக்கத்திலேயே ஒரு சந்தில் பத்துத் தூண்கள். மேலே கூரை இல்லை, துணிக்கடைகளுக்கு நடுவே சும்மா நிற்கின்றன. திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய அரண்மனையின் ஒரு பகுதி இவை. இங்கிருந்து தெற்கே மகாலுக்கு நடந்து பாருங்கள். இவ்வளவு தூரமும் ஒரே அரண்மனை என்பது அப்போதுதான் உறைக்கும். இன்று மகால் என்று நாம் சீட்டு வாங்கிப் பார்ப்பது மிஞ்சிய சிறு பங்கு. அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது பெரும்பகுதியைப் பெயர்த்துவிட்டார். மிச்சத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை ஆளுநர் நேப்பியர் பழுதுபார்த்தார். மகாலை மட்டும் பார்த்து வந்தவருக்கு அது பெரிய மண்டபம். பத்துத்தூணில் இருந்து நடந்து வந்தவருக்கு அது இழந்த ஊர் ஒன்றின் மூலை.

மதியப் பிரச்சினையும் இங்கே தீர்கிறது. கோயில் சாத்தியிருக்கும் நேரத்தில் மகாலைப் பார்க்கலாம். தடித்த தூண்களுக்கு நடுவே உள்ளே வெயில் தெரியாது. சாப்பாட்டுக்கு மெஸ்களுக்குப் பஞ்சமில்லை, கறிதோசையைக் கேட்டு வாங்குங்கள். பிறகு தெருக்கள். வெண்கலக்கடைத் தெரு, எழுத்தாணிக்காரத் தெரு என்று பெயர்களே தொழிலைச் சொல்கின்றன. தெற்கு ஆவணி மூல வீதி முழுக்க நகைக்கடை. கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் தூண்களுக்கு நடுவே இருந்து தைத்துக்கொண்டிருந்த தையல்காரர்களையும் மற்றக் கடைகளையும் அருகில் உள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு நல்லதுதான். ஆனாலும் நாயக்க மன்னர் சிலைகளுக்குக் கீழே தையல் மிஷின் ஓடிய சத்தம் போய்விட்டதில் எனக்கு ஆற்றாமை உண்டு. கொஞ்சம் கிழக்கே முடிவடையாத ராயகோபுரம். அடித்தளத்துச் செதுக்கலின் உயரத்தைப் பார்த்தாலே, முடிந்திருந்தால் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று கழுத்து தானாக நிமிரும்.

மேற்கே மேலமாசி வீதியில் ஒரு கதர்க்கடை. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி தம் மேலாடைகளை விட்டு முழங்கால் வரை வேட்டி மட்டும் கட்டத் தொடங்கியது இந்தக் கட்டடத்தில் தங்கியிருந்தபோதுதான். கூட்டமான கடைவீதியில் எந்த ஆரவாரமும் இல்லாமல் இருக்கிறது. வாசலில் நின்று தெருவில் போகும் சுமைதூக்கிகளைப் பார்த்தால் அந்த முடிவு ஏன் இந்த ஊரில் வந்தது என்று கொஞ்சம் புரிகிறது. அங்கிருந்து தென்மேற்கே கூடலழகர் கோயில். காஞ்சி வைகுண்டப் பெருமாள் போலவே இங்கும் மூன்று கோலங்கள் அடுக்காக. அதன் தெப்பக்குளம் டவுன்ஹால் ரோட்டில் கடைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஒரு குளத்தைக் கடைகளால் மறைக்க எப்படித்தான் மனம் வந்ததோ.

மதுரையின் குறைகளையும் சொல்ல வேண்டும். சித்திரை வீதிகளில் வாகனம் கிடையாது, கல் பாவியிருக்கிறது, நிம்மதியாக நடக்கலாம். ஆவணி மூல வீதி தாண்டியதும் அந்தச் சொகுசு முடிந்தது. மாசி வீதிகளில் இருசக்கர வண்டி, ஆட்டோ, தள்ளுவண்டி, சரக்கு இறக்கும் லாரி எல்லாம் ஒரே நேரத்தில். காது கூசும் அளவுக்கு ஹாரன். கைக்குழந்தையுடன் அந்த வீதிகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் கும்பகோணமே மேல்.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்று ஊரிலும் சாப்பாடு மலிவு. காஞ்சியில் ஆட்டோ, மதுரையில் சீட்டு, கும்பகோணத்தில் பித்தளைக் கடை என்று பணம் ஏதாவது ஒரு வழியில் போகும். மாதம் முக்கியம். மார்கழி, தை, மாசி எனில் மூன்றுமே சுகம். ஐப்பசி, கார்த்திகையில் கும்பகோணத்தில் மழை பிடித்துக்கொள்ளும். சித்திரையில் மதுரைக்குத் திருவிழா பார்க்கப் போகலாம், ஊரைப் பார்க்கப் போக முடியாது. 2028இல் மகாமகம் வருகிறது. அந்த மாசி மாதத்தில் கும்பகோணத் தெருக்களில் நடை என்பதே இருக்காது, கூட்டத்தோடு நகர்தல்தான்.

ஆக, சிற்பத்துக்காக உயிரை விடுபவர் தனியாகப் போவதானால் காஞ்சி. குடும்பத்தோடு, மெதுவாக, உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்க கும்பகோணம். திடமான கால்களும் ஒரு முழு நாளும் இருந்தால் மதுரை.

மதுரை என்று முடிவு செய்தவர்களுக்கு ஒரு யோசனை. சென்னையில் இருந்து இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகிற நேரத்தில் இறங்கலாம். ஸ்டேஷனில் இருந்து டவுன்ஹால் ரோடு வழியே கோயிலுக்கு நடந்தே போய்விடலாம், வழியில் டீக்கடைகள் திறந்திருக்கும். காலையில் முதலில் கோயிலுக்குள் போங்கள், கல்தரை சூடாகும் முன் ஆயிரங்கால் மண்டபம் வரை பார்த்துவிடலாம். தூண்கள் 985தான். 2018இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை. அதனால் கூட வருகிறவர்களோடு எந்த வாசலில் சந்திப்பது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள், நான்கு கோபுரமும் ஒன்றுபோலத் தெரிந்து குழப்பும். பதினொரு மணி வாக்கில் வெளியே வந்து கிழக்கே பழைய கோட்டை வாசலான விட்டவாசல், புதுமண்டபம், ராயகோபுரம், பிறகு விளக்குத்தூண், பத்துத்தூண், மகால். வெயில் தாழ மேலமாசி வீதி, கூடலழகர். பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி என்று இந்த ஊருக்கு இரண்டு சந்தைகள் இருந்ததைச் சங்கப் பாடல் சொல்கிறது. இன்றும் இருட்டிய பிறகுதான் கடைத்தெரு களைகட்டும், பருத்திப்பால் வண்டிகளும் அப்போதுதான் வரும். ஒன்பது மணிக்குச் சற்று முன்னதாகக் கோயிலுக்குத் திரும்பினால் சுந்தரேசுவரர் பல்லக்கில் மீனாட்சி சன்னதிக்கு எழுந்தருளும் பள்ளியறைப் பூஜையைப் பார்க்கலாம். திரும்பும் ரயிலை அன்று இரவே பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். மேலமாசி வீதிப் பக்கமே அறை எடுத்துத் தங்கிவிட்டு மறுநாள் காலை கிளம்புங்கள்.